கம்பியும் கட்டையும் – 17: நாலு கம்பி, நாலு ஸ்க்ரூ

திருவிழாக் காலத்தில் கள்ளக்குறிச்சிப் பக்கம் இரண்டு ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் டீக்கடையில் சந்தித்துக்கொண்டால், பாடகர்கள் தொண்டையை விசாரிப்பார்கள், டிரம்ஸ்காரர்கள் பேமெண்ட்டை விசாரிப்பார்கள். பேஸ் கிட்டார்காரர்களின் விசாரிப்பு வேறு.

"என்ன பீஸுண்ணா?"

"கல்கத்தா பீஸ்தான் தம்பி. நெக் மட்டும் மாத்தியிருக்கேன்."

வீணைக்காரர் யாரும் இப்படிப் பேச முடியாது. தண்டியை மட்டும் மாற்றிவிட்டேன் என்று அவர் சொன்னால் எதிரே நிற்பவர் பதறிப்போவார். பேஸ் கிட்டாரில் அது சாதாரணப் பேச்சு. அப்படி ஆனதற்குக் காரணம் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் ஃபுல்லர்டன் என்ற சின்ன ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஒரு மனிதர்.

சென்ற இதழில் டபுள் பேஸைப் பார்த்தோம். ஆளை மிஞ்சும் உயரம். பஸ்ஸில் ஏற்ற முடியாது. டிரம்ஸும் டிரம்பெட்டும் சேர்ந்து முழங்கினால் அதன் சத்தம் கூட்டத்துக்குக் கேட்காது. ஃப்ரெட் கிடையாது என்பதால் விரல் ஒரு நூலளவு தள்ளி விழுந்தாலும் சுருதி போய்விடும். இத்தனை தொல்லைக்கும் ஒரு வழி தேடி, சியாட்டில் நகரத்து பால் டட்மார்க் என்பவர் 1930களின் நடுவிலேயே, மடியில் வைத்து வாசிக்கக்கூடிய, ஃப்ரெட் போட்ட மின்சார பேஸ் ஒன்றைச் செய்து 'ஆடியோவாக்ஸ்' என்ற பெயரில் விற்றுப் பார்த்தார். வாங்க ஆளில்லை. கருவி நல்லதாக இருந்தும் காலம் வராமல் போன கதைகள் இந்தத் தொடரில் ஏற்கெனவே இரண்டு மூன்று வந்துவிட்டன. இதையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம்.

காலம் கனிந்தது 1951இல். ரேடியோ ரிப்பேர்க்காரர் லியோ ஃபெண்டர், 'பிரிசிஷன் பேஸ்' என்ற கருவியை வெளியிட்டார். விலை 199 டாலர் 50 சென்ட். ஒரு கனத்த ஆஷ் மரப்பலகை, அதில் ஒரு மேப்பிள் மரக் கழுத்து, நான்கு கம்பி, ஒரு பிக்கப். கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். டபுள் பேஸில் அது 41, 42 அங்குலம் வரும். ஃபெண்டர் பிடித்த அந்த 34 அங்குலத்தைத்தான் இன்று உலகத்தில் பெரும்பாலான பேஸ் கிட்டார்கள் பின்பற்றுகின்றன. முதல் முயற்சியிலேயே அளவு இப்படிச் சரியாக விழுந்த கருவி வேறு எதையும் இந்தத் தொடருக்காகத் தேடியதில் நான் பார்க்கவில்லை.

இதில் வேடிக்கை, ஃபெண்டருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. செய்த கருவியை வாசிப்பவர் கையில் கொடுத்துவிட்டு, அவர்கள் சொல்லும் குறையைக் கேட்டுக்கொள்வார். கடைக்குத் திரும்பி மாற்றுவார். கழுத்தை உடலோடு பசை வைத்து ஒட்டும் பழைய முறையை அவர் விட்டதும் ரிப்பேர்க்காரரின் மனப்பாங்கில்தான். நான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டார். கெட்டுப்போனால் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம், மண்வெட்டிக்குக் காம்பு மாற்றுகிற மாதிரி.

அந்த நான்கு ஸ்க்ரூக்களால் வந்த விளைவு பெரிது. வயலின் செய்யப் பரம்பரைக் கை வேண்டும். நாகஸ்வரத்துக்கு நரசிங்கம்பேட்டை ஆச்சாரி வேண்டும். பிரிசிஷன் பேஸைப் பார்த்துச் செய்ய ஒரு ரம்பமும் ஒரு டிரில்லிங் மிஷினும் கொஞ்சம் துணிச்சலும் இருந்தால் போதும். உலகம் முழுவதும் துணிச்சல்காரர்கள் கிளம்பினார்கள்.

ஜெர்மனிக்காரர்கள் மட்டும் வேறு பாதையில் போனார்கள். ஹாஃப்னர் குடும்பம் 1887 முதல் இன்றைய செக் நாட்டு எல்லையில் இருக்கும் ஷோன்பாக் என்ற ஊரில் வயலின் வகைக் கருவிகள் செய்துவந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அங்கிருந்த ஜெர்மானியர்களை வெளியேற்றினார்கள். கருவி செய்யும் குடும்பங்கள் ஊரோடு பெயர்ந்து பவேரியாவில் புபன்ராய்ட் என்ற கிராமத்தில் குடியேறின. அங்கேதான் 1955-56இல் வால்டர் ஹாஃப்னர் வயலின் வடிவத்தில், உள்ளே குடைவான ஒரு பேஸ் கிட்டாரைச் செய்தார். 1961இல் ஹாம்பர்க் நகரக் கடையொன்றில் அதைச் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கியவர் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி. ஃபெண்டர் வாங்கக் கையில் காசில்லை. தவிர அவர் இடக்கைக்காரர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் வயலின் வடிவம் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது. மலிவு பார்த்து வாங்கிய கருவிதான், ஆனால் 1972இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து அது திருடு போனபின் அரை நூற்றாண்டு தேடினார்கள். கிடைத்துவிட்டது என்று 2024 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது.

கருவி செய்தவர் மேல் வாசிப்பவர்களுக்கு இருக்கும் பாசத்துக்கும் கோபத்துக்கும் ஆணிவேர் 1965இல் இருக்கிறது. உடம்பு சரியில்லாத லியோ ஃபெண்டர் அந்த ஆண்டு ஜனவரியில் கம்பெனியை சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். அன்று முதல் பேஸ் வாசிப்பவர்கள் ஃபெண்டரை இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்கள்: சி.பி.எஸ்.ஸுக்கு முன், சி.பி.எஸ்.ஸுக்குப் பின். முன்னது பொன், பின்னது பித்தளை. கணக்குப் பிள்ளைகள் கைக்குத் தொழிற்சாலை போனதும் மரத்தின் தரமும் இணைப்பின் இறுக்கமும் தளர்ந்தன என்பது குற்றச்சாட்டு. 1970களின் உருப்படிகளில் கழுத்து ஆடுகிறது என்ற புகாரில் உண்மை உண்டு. அதற்காக 1964 டிசம்பரில் செய்தது சொர்க்கம், 1965 பிப்ரவரியில் செய்தது நரகம் என்றால் எப்படி? அதே தொழிலாளிகள், அதே மரம், அதே மேஜை. பழைய கருவி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தத் தேதி மிகவும் வசதியாக இருந்தது என்பதையும் கவனிக்கவேண்டும்.

ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற டெட்ராய்ட் கலைஞரை இந்த இடத்தில் சொல்லாமல் நகர முடியாது. மோட்டவுன் நிறுவனத்தின் 1960களின் ஹிட் பாடல்களில் பெரும்பகுதிக்குக் கீழ்த்தளம் போட்டவர். அவருடைய பிரிசிஷன் 1962இல் செய்தது. கம்பி அறுந்தாலொழிய மாற்றமாட்டார். அழுக்கு ஏறிய கம்பியில்தான் நாதம் இருக்கிறது என்பது அவர் கட்சி. வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து அத்தனையையும் வாசித்தார். அந்தக் கருவி அவர் வீட்டிலிருந்து திருடு போனது. சில நாட்களில், 1983 ஆகஸ்டில், அவரும் இறந்தார். கருவி இன்றுவரை கிடைக்கவில்லை. ஃபெண்டரை உயர்த்தியது ஃபெண்டரா ஜேமர்சனா என்று பேஸ்காரர்களிடம் கேட்டால் விடிய விடியப் பேசுவார்கள். என் ஓட்டு ஜேமர்சனுக்கு.

இனி நம் ஊருக்கு வருவோம். அதற்குத் தோதான ஆண்டு 1976. அந்த ஆண்டுதான் கல்வராயன் மலையில் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்களின் ஆட்சி முடிந்து மலை முழுவதும் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. அந்த ஆண்டுதான் சென்னையில் 'அன்னக்கிளி' வெளியாகி இளையராஜா அறிமுகமானார். கலிபோர்னியாவில், கம்பெனியை விற்ற லியோ ஃபெண்டர் சும்மா இருக்க முடியாமல் மியூசிக் மேன் என்ற புதிய பெயரில் 'ஸ்டிங்ரே' பேஸைக் கொண்டுவந்ததும் அதே ஆண்டுதான். மூன்றுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. ஆனால் நடுவில் உள்ளதால்தான் கள்ளக்குறிச்சியில் பேஸ் கிட்டார் என்ற சொல்லே புழங்கத் தொடங்கியது.

இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் மேடையில் வாசித்து வளர்ந்தவர். பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர். அவர் பாடல்களில் பேஸ் கிட்டார் தாளத்துக்கு முட்டுக்கொடுப்பதோடு நிற்பதில்லை. பல்லவிக்கு அடியில் இன்னொரு மெட்டாகவே ஓடும். அதை வாசித்தவர்களில் முக்கியமானவர் சசிதரன். தமிழ்நாட்டில் பேஸ் எடுத்த ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கட்டத்தில் சசி வாசித்ததைக் கேட்டு விரலில் ஏற்றிக்கொண்டவர்தான். அடுத்த தலைமுறைக்கு ஏ.ஆர்.ரஹ்மானிடம் வாசித்த கீத் பீட்டர்ஸ் அந்த இடத்துக்கு வந்தார்.

ஆனால் கேட்பது எப்படி? இங்கேதான் நம் பக்கத்துச் சிக்கல். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் வினாடிக்கு 41 அதிர்வு. கல்யாண வீட்டிலும் கோயிலிலும் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி ஏறக்குறைய இருநூறு, முந்நூறு அதிர்வுக்குக் கீழே எதையும் உருப்படியாகச் சொல்லாது. புளியமரத்தில் கட்டிய கூம்பு வழியாகப் பத்து வருஷம் இளையராஜாவைக் கேட்ட கிராமத்துக்குப் பாதி இளையராஜாதான் கேட்டது. மீதிப் பாதி காதில் விழுந்தது டேப் ரிக்கார்டர் வந்தபின், குறிப்பாகப் பிரைவேட் பஸ்களில் பாக்ஸ் ஸ்பீக்கர் வைத்தபின். சேலம் ரூட்டில் பின்சீட்டுக்கு மேலே ஸ்பீக்கர் இருக்கும் பஸ்ஸாகப் பார்த்து ஏறிய பையன்களை எனக்குத் தெரியும். முன்சீட்டு காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார்கள். அந்தப் பையன்களில் சிலர்தான் பிறகு உள்ளூர் ஆர்கெஸ்ட்ராக்களில் பேஸ் தோளில் மாட்டினார்கள்.

மாட்டியது எந்தக் கம்பெனி? ஃபெண்டர் என்பது அன்றைக்குக் கேள்விப்பட்ட பெயர். வெளிநாட்டுக் கருவிக்கு லைசென்ஸ் கெடுபிடி, அதைத் தாண்டினால் சுங்கவரி. சென்னை அண்ணா சாலையில் 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வரலாம். இல்லாவிட்டால் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் மனது வைக்கவேண்டும். மற்ற எல்லோருக்கும் கல்கத்தாதான். ரவீந்திர சரணி வட்டாரத்தில் சிதாரும் தபேலாவும் செய்துவந்த ஊர், கிட்டாரும் செய்யத் தொடங்கியிருந்தது. கிவ்சன், ஹாப்னர் என்ற பெயர்களில் வந்த உருப்படிகள் இந்தியா முழுக்கப் போயின. அமெரிக்காவின் கிப்சனும் ஜெர்மனியின் ஹாஃப்னரும் தூரத்தில் கேட்கும்படி அந்தப் பெயர்களை யாரோ கெட்டிக்காரர் வைத்திருக்கிறார். இவற்றுக்கும் கீழே பெயரே இல்லாத உருப்படிகள் இருந்தன. அவற்றுக்கு வாங்கியவர் விருப்பம்போல ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம்.

அப்படி ஒன்றைச் சின்னசேலத்தில் ஒரு நண்பர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தோம். கறுப்புப் பெயின்ட் ஓரங்களில் உதிர்ந்து அடியில் வெளிறிய மரம் தெரிந்தது. தலைப்பகுதியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டிய கீறல். நான்கு ட்யூனிங் கீயில் ஒன்று வேறு ஜாதி. முதல் ஐந்து ஃப்ரெட் பள்ளமாகத் தேய்ந்திருக்க, பத்துக்கு மேலே புதுசாக இருந்தன. நம் ஆர்கெஸ்ட்ராவில் பேஸுக்கு மேலே போக வேலை வராது. பின்பக்கம் திருப்பினால் நாலு ஸ்க்ரூ. அதில் மூன்று ஒரிஜினல், நாலாவது கதவுக் கீலுக்குப் போடுவது. தலை தட்டையாக, கொஞ்சம் துரு ஏறி, ஆனால் இருப்பதிலேயே அதுதான் இறுக்கமாகப் பிடித்திருந்தது.

பெயரில்லாத பீஸ்களின் பெரிய வியாதி கழுத்து வளைவது. நான்கு கம்பியும் சேர்ந்து எப்போதும் கழுத்தை முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். அதை எதிர்த்து நிற்கக் கழுத்துக்குள் ஓர் இரும்புத் தண்டு வேண்டும். தண்டு இல்லாமலோ, பேருக்கு இருந்தோ, ஈரம் முழுதும் காயாத மரத்தில் செய்த கழுத்து இரண்டு கோடைக்குள் வில்லாகிவிடும். கம்பி ஃப்ரெட்டிலிருந்து எழும்பி நிற்கும். அழுத்தி வாசித்து விரல் நுனி காய்த்துப்போகும். இதற்கு ஊரில் கண்ட வைத்தியங்கள் பல: நெக்குக்கும் உடலுக்கும் நடுவே சிகரெட் அட்டையை மடித்து வைப்பது, இரவில் கம்பியைத் தளர்த்திவிட்டுக் கழுத்தின் மேல் கனம் ஏற்றுவது, முடியாதபோது கழற்றி வீசிவிட்டு வேறு நெக் மாட்டுவது. கம்பி செட்டுக்கும் தட்டுப்பாடுதான். நாதம் செத்த கம்பியைக் கழற்றி வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் உள்ளே சேர்ந்த எண்ணெயும் அழுக்கும் இறங்கி இரண்டு கச்சேரிக்குத் தாங்கும். அழுக்கில்தான் நாதம் என்ற ஜேமர்சன் இந்தச் சமையலைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

கல்வராயன் மலைக்குக் கச்சேரிக்குப் போவது தனிச் சோதனை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வளைவு வளைவாக வெள்ளிமலைக்கு வேன் ஏறும்போது கீழே வெயில், மேலே பனி. குளிரில் எஃகுக் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும். ஈரத்தில் மரம் ஊதும். அடிவாரத்தில் சேர்த்த சுருதி மேடையில் இருக்காது. மேடையில் சேர்த்தது இரவு பன்னிரண்டு மணிக்கு இருக்காது. ஹார்மோனியம் வைத்திருப்பவர் சிரித்துக்கொண்டே ஸ்ருதி கொடுப்பார். நல்ல மரத்தில் நிதானமாகச் செய்த கழுத்தின் அருமை கடையில் வாங்கும்போது தெரியாது, மலையேறினால் தெரியும். யமஹாவோ ஐபனீஸோ வைத்திருப்பவர் மேல் மற்றவர்களுக்குப் பொறாமை வரும் இடம் இதுதான். அவர்கள் பேசுவது சத்தத்தைப் பற்றி இல்லை. "பாட்டுக்குப் பாட்டு ட்யூன் பண்ண வேணாம்ணா" என்பார்கள்.

யமஹாவும் ஹாஃப்னர் மாதிரியே 1887இல் பிறந்தது, ரீட் ஆர்கனிலிருந்து. ஐபனீஸ் நகோயா நகரத்து ஹொஷினோ நிறுவனத்தின் பெயர். 1970களில் அமெரிக்கக் கிட்டார்களை அச்சு அசலாகப் பார்த்துச் செய்து, தலைப்பகுதி வடிவத்துக்காக 1977இல் கிப்சனின் தாய் நிறுவனம் போட்ட வழக்கையும் சந்தித்தது. பிறகு சொந்த வடிவத்துக்கு மாறியது. 1982இல் ஃபெண்டரே ஜப்பானுக்கு வந்து, ஐபனீஸுக்கும் கிட்டார் செய்துகொடுத்துவந்த ஃபுஜிஜென் தொழிற்சாலையில் தன் பெயர் போட்ட கருவிகளைச் செய்யச் சொன்னது. நகலெடுத்த கை அசலையும் செய்தது. இதைக் கேள்விப்பட்ட அன்றிலிருந்து கல்கத்தா பீஸைப் பார்த்து 'டூப்' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஜப்பான்காரனுக்குக் காய்ந்த மரமும் நல்ல எஃகும் வாங்கும் சந்தையும் அமைந்தன. கல்கத்தாக்காரருக்கு மூன்றுமே அரைகுறை. குறை கையில் இல்லை.

மரத்தில் நமக்கும் பங்கு இருக்கிறது. 1960இல் வந்த ஃபெண்டர் ஜாஸ் பேஸின் விரல்பலகை பிரேசில் நாட்டு ரோஸ்வுட். அந்த மரம் அரிதானபின் உலகத்துக் கிட்டார்க்காரர்கள் திரும்பியது நம் ஈட்டி மரத்துக்கு. தோதகத்தி என்றும் சொல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் செழித்தது, கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வளர்வது. தமிழ்நாட்டில் ஈட்டியை வெட்டவிடாமல் காக்க 1994இல் தனிச் சட்டமே போட்டார்கள். 2017 ஜனவரியில் ஈட்டிக் குடும்பம் முழுவதையும் உலக வனவிலங்கு வணிக ஒப்பந்தக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்ததும், கருவி செய்யும் கம்பெனிகள் அலறின. ஒவ்வொரு கிட்டாருக்கும் எல்லை தாண்டச் சான்றிதழ் தேவைப்பட்டது. பலர் வேறு மரத்துக்கு மாறினார்கள். முழுதாகச் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அமலுக்கு வந்த நாள் 2019 நவம்பர் 26. அதே நாளில்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டம் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. அன்று நகரில் கட்டிய பெட்டி ஸ்பீக்கர்களில் பேஸ் நன்றாகவே கேட்டிருக்கும்.

இந்த ஊரின் மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர்ப் பக்கத்துச் சிற்பிகள் தேக்கிலும் வாகையிலும் யாளி செதுக்குகிறார்கள், கடவுளர் திருமேனி செதுக்குகிறார்கள். உளி பிடிக்கும் அந்தக் கைகளுக்கு ஒரு கிட்டார்க் கழுத்து பெரிய வேலை இல்லை. வேண்டியது காய்ந்த மரமும், 34 அங்குலத்தில் இருபது ஃப்ரெட்டுக்கான அளவுப் பட்டியலும், கேட்டு வாங்க ஒரு பேஸ்காரரும். முதல் இரண்டும் கிடைக்கும்.

மூன்றாமவர்தான் குறைந்துவிட்டார். 1991க்குப் பிறகு இறக்குமதிக் கதவு திறந்து, இந்தோனேசியாவில் செய்த கோர்ட், ஸ்குவயர், ஐபனீஸ் எல்லாம் சேலம் கடைகளிலேயே தொங்கும் நாள் வந்தபோது, உள்ளூர் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ்காரருக்கு நாற்காலி இல்லை. கீபோர்டுக்காரர் இடது கையால் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். ஓர் ஆள் சம்பளம் மிச்சம், வேனில் ஓர் இடம் மிச்சம். சின்னசேலத்துப் பரணுக்கு அந்தக் கறுப்புப் பீஸ் ஏறியது அப்போதுதான். சென்னையை அடுத்து யமஹா 2019இல் தொடங்கிய தொழிற்சாலையில் கீபோர்டும் சாதாரண கிட்டாரும் செய்கிறார்கள். பேஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

பரணிலிருந்து இறக்கியதற்காக நண்பர் அன்று அதற்குப் புதுக் கம்பி போட்டார். கழுத்து வளைந்துதான் இருந்தது. சிகரெட் அட்டைக்குப் பதில் ரீசார்ஜ் கார்டு ஒன்றை வெட்டி வைத்துப் பார்த்தார். ஆம்ப்ளிஃபயர் இல்லாததால் ஹோம் தியேட்டரில் சொருகினார். ஐந்தாவது ஃப்ரெட்டில் கொஞ்சம் சரசரத்தது. "ஸ்க்ரூவை இன்னும் அரைத் திருகு முடுக்கணும்" என்றார், கீல் ஸ்க்ரூவைத் தொட்டுக் காட்டி.

கீபோர்டு எப்படி, யார் கையால் மேடைக்கு வந்தது என்பது அடுத்த இதழில்.